நீரைப் படம் பிடித்த கதை

சென்ற இதழில், நம்மவர் வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் கிடந்து செல்லரிக்கும் பழைய புகைப்பட ஆல்பங்களைப்பற்றிப் போகிறபோக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் பதினொன்று. கட்டுரையின் மற்றப் பகுதிக்கு ஒன்றும் வரவில்லை என்பதை ஆசிரியர் நினைவூட்டினார். கடிதம் எழுதிய அன்பர்களுள் ஒருவர், 'பிறர் ஆல்பங்களுக்காகக் கவலைப்படும் தாங்கள் தங்கள் ஆல்பத்தைத் திறந்து எத்தனை நாளாயிற்று?' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அன்று மாலையே திறந்தேன்.

அதில் என் தந்தையார் எடுத்த படம் ஒன்று இருந்தது. கங்காசாகர யாத்திரை போகையில் லாஞ்சின் மேல்தளத்தில் நின்று எடுத்தது. அகன்ற ஆறு; ஆற்றுக்கு அப்பால் ஒரு கரை; கரைமேல் இரட்டைப் பனை; பனையடியில் இரண்டு கூரை வீடுகள். நீரின் விளிம்பில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் கையில் இருப்பது குடமோ கூடையோ தெரியவில்லை. படத்தின் பின்புறம், 'சாகர் போகும் வழி, 14-1-1979' என்று பென்ஸிலால் தந்தையாரின் மணியான கையெழுத்து.

அப்போது கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மாஸி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தாதா, இது எங்கள் பக்கத்து ஆறு அல்லவா?" என்றார்.

மாஸி எங்கள் வீட்டில் வேலை செய்யத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படிப்பட்டவர்களைப்பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் தெற்கு லோக்கல் ரயில்களில் நெரிந்து வந்து பாலிகஞ்சில் இறங்கி, நம் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கிவிட்டு, மாலையில் அதே ரயிலில் திரும்பும் ஆயிரக்கணக்கான பெண்களுள் அவர் ஒருவர். ஸோனார்பூர் அருகே வாடகை அறையில் இருக்கிறார். பிறந்த ஊர் கோராமாரா என்று எப்போதோ சொன்னதுண்டு. நானும் தலையசைத்ததுண்டு. அதற்கு மேல் கேட்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் கேட்கத் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

கோராமாரா, ஹூக்ளி நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், சாகர் தீவுக்கு வடக்கே கிடக்கும் சிறு தீவு. ஒரு காலத்தில் சாகரோடு ஒட்டியிருந்த நிலம் என்பார்கள். 1975-ஆம் ஆண்டில் அதன் பரப்பு சுமார் எட்டரைச் சதுர கிலோமீட்டர். 2012-இல் நாலரைக்கும் குறைவு. ஒரு தலைமுறைக்குள் பாதி நிலம் ஆற்றோடு போய்விட்டது. அண்டையில் இருந்த லோஹாசரா என்னும் தீவில் ஜனங்கள் குடியிருந்தார்கள். அது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் முழுதுமே மறைந்தது. வீடிழந்தவர்களுள் பலர் சாகர் தீவில் அமைந்த குடியேற்றக் காலனிகளில் வாழ்கிறார்கள். மாஸியின் குடும்பமும் அவ்வழியே சென்றது. பிறகு சாகரிலும் பிழைப்புப் போதாமல், ஸோனார்பூர்.

படத்தை அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். இரட்டைப் பனை தங்கள் கரையிலும் உண்டு, ஆனால் எந்தக் கரையில்தான் இல்லை என்றார். "அந்தப் பெண் கையில் இருப்பது குடமாக இராது தாதா. ஆற்று நீர் உப்பு. அங்கே குடத்தோடு யார் போவார்கள்?" என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். 1979-இல் அவருக்கும் ஏறத்தாழ அந்தச் சிறுமியின் வயதுதான். அதை நான் சொன்னபோது சிரித்துவிட்டார். "நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நின்றோம்."

தந்தையார் தேதியை எழுதினார்; லாஞ்சு எந்த இடத்தைக் கடந்தது என்பதை எழுதவில்லை. அந்த ஒரு சொல் இல்லாத குற்றத்தால், சான்றாக நிற்கவேண்டிய படம் வெறும் அழகான காட்சியாகிவிட்டது. அவரைக் குறை கூறுவானேன்? கரை என்பது இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எல்லாரையும்போல அவரும் நினைத்தார்.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸியோடு நானும் என் மகளும் கோராமாராவுக்குப் புறப்பட்டோம். ஸீல்டாவிலிருந்து காக்துவீப் வரை ரயில். அங்கிருந்து எட்டாம் லாட் படித்துறை. நீர் வற்றியிருந்ததால் படகு கிளம்பவில்லை. அந்த முகத்துவாரத்தில் கடிகாரத்தைவிட வெள்ளத்துக்கும் வற்றத்துக்குமே மதிப்பு அதிகம். காத்திருந்து ஏறினோம்.

தீவின் உட்பகுதியைப் பார்ப்பவருக்கு அங்கே ஏதும் குறை இருப்பதாகவே தோன்றாது. குளங்கள், வாழை, நெல்வயல், வரிசை வரிசையாக வெற்றிலைக் கொடிக்கால்கள். கும்பகோணத்துக்காரர் எவரும் அங்கே ஒரு நாழிகை நின்றுவிடுவார். ஆனால் கரையை அடைந்ததும் காட்சி மாறுகிறது. கத்தியால் வெட்டிய கட்டித் தயிர்போல நிலம் செங்குத்தாக அறுந்து நிற்கிறது. வேர்கள் வெளியே தொங்க, தலை நீரில் தோய, பனைமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு வீட்டின் திண்ணை மட்டும் இருக்கிறது, வீடு இல்லை.

மாஸி கரையில் நின்று சற்று நேரம் திசை பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "அதோ மீன் படகு நிற்கிறதே, அதற்கும் அப்பால் எங்கள் குளம். குளத்துக்கு இந்தப் பக்கம் நெற்குதிர். அதன் வலப்பக்கம் வீடு." நான் கைபேசியை எடுத்து அவர் காட்டிய இடத்தைப் படம் பிடித்தேன்.

எடுத்த படத்தைப் பார்த்தேன். சேற்று நிறத்தில் நீர், சாம்பல் நிறத்தில் வானம், நடுவே ஒரு படகு. ஹூக்ளியில் எங்கே நின்று எடுத்தாலும் இப்படித்தான் வரும். ஒரு குடும்பத்தின் குளமும் குதிரும் வீடும் அதற்குள் இருக்கின்றன என்பதற்கு அந்தப் படத்தில் அணுவளவும் சாட்சி இல்லை. என் மகள்தான் சொன்னாள்: "அப்பா, மாஸியின் கை படத்தில் இருக்க வேண்டும்."

மாஸி இணங்கவில்லை. காரணத்தைப் படகில் திரும்பும்போது சொல்லியிருந்தால் எனக்குச் சங்கடம் குறைந்திருக்கும், அங்கேயே சொன்னார். 2021-ஆம் ஆண்டு மே 26 அன்று யாஸ் புயல் ஒரிஸ்ஸாக் கரையில் ஏறியது. அன்று பௌர்ணமி, கிரகணமும்கூட. பெருவெள்ளமும் புயலும் சேர்ந்து வந்ததால் கோராமாராத் தீவு முழுவதும் உப்பு நீரில் மூழ்கியது. நீர் வடியுமுன்பே பெரிய பெரிய காமிராக்களோடு சிலர் வந்தார்களாம். மாஸியின் தமையன் மனைவியை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் ஒருமுறை நடக்கச் சொல்லி, வெளிச்சம் சரியில்லை என்று மறுமுறையும் நடக்கச் சொன்னார்களாம். பிறகு யாரோ ஒருவரின் கைபேசியில் அந்தப் படத்தைக் கண்டார்கள். கீழே பெயர் இல்லை, ஊரும் இல்லை. புயலால் பாதிக்கப்பட்ட பெண் என்று மட்டும் இருந்தது. "படத்தில் இருப்பவள் அவள். படம் மட்டும் அவளிடம் இல்லை" என்றார் மாஸி.

அச்சடித்துக் கொண்டுவந்து கொடுப்பதாக வாக்களித்தேன். எத்தனை பிரதி என்று கேட்டார். கேட்டபடி என்றேன். உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டி நின்றார். அதுதான் இரண்டாவது படம்.

அன்றிலிருந்து இந்தப் பொருளைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். நான் நீரைப் படம் பிடித்து ஏமாந்ததை, என்னைவிடத் தேர்ந்தவர்கள் முன்பே சந்தித்திருக்கிறார்கள் என்று அறிந்து ஆறுதலடைந்தேன்.

மாறுதலைக் காட்டுவதற்கு ஒரு படம் போதாது. ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள் வேண்டும். இதை முறையாகச் செய்தவர் ஸெபாஸ்டியன் பின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர். 1880-களின் இறுதியிலேயே ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை, குறித்துவைத்த அதே இடங்களிலிருந்து மீண்டும் மீண்டும் படமெடுத்து அளந்தார். நம் இமயத்துக்கும் இந்த முறை வந்தது. 1921-இல் ஆங்கிலேய மலையேறி ஜார்ஜ் மல்லோரி, எவரெஸ்டின் வடபுறத்து ரோங்புக் பனியாற்றைப் படமெடுத்திருந்தார். அமெரிக்க மலையேறி டேவிட் பிரீஷியர்ஸ் 2007-இல் அதே இடத்தைத் தேடிப் பிடித்து நின்று, அதே காட்சியை எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்தால், பனியின் மட்டம் சுமார் நூறு மீட்டர் இறங்கியிருப்பது தெரிகிறது. அதைக் காணப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை.

வானத்திலிருந்தும் படம் எடுக்கிறார்கள். முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்டது. கோராமாரா எவ்வளவு கரைந்தது என்ற கணக்கு இத்தகைய படங்களாலேயே நமக்குக் கிடைத்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக் கடலியல் அறிஞர்கள் இத்துறையில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முதல் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். மாஸியின் வீடு, குளம், குதிர் யாவும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்தப் புள்ளி நிலத்தின் நிறத்திலிருந்து நீரின் நிறத்துக்கு மாறியது என்பதை மட்டுமே விண்ணிலிருந்து பார்க்க முடியும். குதிர் வலப்பக்கம் இருந்ததா இடப்பக்கம் இருந்ததா என்பதைக் கரையில் நின்ற ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

கரையில் நிற்பவர்களைப் படமெடுத்தவர்களும் உண்டு. தேசங் லீ என்ற கொரியப் புகைப்படக்காரர் இதே கோராமாராவுக்கு வந்து, அரிப்பில் எஞ்சிய மண்திட்டுகளின்மீது தீவுவாசிகளை நிறுத்திப் படங்கள் எடுத்தார். 2013-ஆம் ஆண்டின் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் அவை இடம்பெற்றன. நிறுத்தி எடுத்த படம் உண்மையாகுமா என்று கேட்பவர் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மாஸியையும் நான் நிறுத்தித்தான் எடுத்தேன். நிற்பவர் எதற்காக நிற்கிறோம் என்று அறிந்து நிற்கிறாரா என்பதுதான் கேள்வி. நீரில் இருமுறை நடக்கவைக்கப்பட்ட அந்தப் பெண் அறிந்திருக்கவில்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்று, காமிராவையே ஊரார் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் காமிராக்களைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களே எடுக்கச் செய்தார்கள். எடுத்த படங்களைப் பரப்பிவைத்து அவர்களே பேசினார்கள், அதிகாரிகளும் கேட்டார்கள். அந்த முறை பின்னர் உலகெங்கும் பரவியது. நம் தமிழகத்திலோ, மீன் விற்ற தாயின் மகனான பழனிகுமார் என்ற இளைஞர், ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகரில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைப் படமெடுத்திருக்கிறார். 2014-இல் ஸாய்நாத் தொடங்கிய கிராமப்புற ஆவணக் களஞ்சியம், பருவநிலை மாற்றத்தைச் சாதாரண ஜனங்களின் வாய்மொழியாகவே பதிவு செய்தபோது, அந்தப் பெண்களின் கதையும் அதில் இடம் பெற்றது. கடல் மாறியிருப்பதையும் பாசி குறைந்ததையும் அவர்களே சொல்கிறார்கள். விரல்களில் துணிச் சுற்றோடு கடலில் மூழ்கும் அப்பெண்களுக்குப் படங்களில் பெயர் இருக்கிறது. தனுஷ்கோடியை நினைத்துக்கொண்டேன். 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த அவ்வூரின் படம் என்றால் நம்மில் எவருக்கும் இடிந்த மாதாகோயில்தான் கண்முன் நிற்கும். அதன் அருகே வாழ்ந்த ஒருவரின் முகத்தையாவது நாம் அறிவோமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படம், நிலம் போயிற்று என்று காட்டும். ஏன் போயிற்று என்று காட்டாது. கடல்மட்டம் உயர்வது உண்மை. வங்கக் கடல் வெப்பமேறிப் புயல்களுக்கு வலுவூட்டுவதும் உண்மை. ஆனால் கோராமாராவின் கதையில் வேறு பாத்திரங்களும் இருக்கின்றன. கழிமுகத்து மண் தானாகவே சிறுகச் சிறுக அமிழ்கிறது. ஆறு தன் கால்வாயை மாற்றிக்கொள்கிறது. மேலே அணைகள் வண்டலைத் தடுக்கின்றன. வரும் வண்டலையும் கரைக்கட்டுகள் வயலில் படியவிடுவதில்லை. கப்பல் வழிக்காக ஆற்றின் அடியைத் தோண்டுகிறார்கள். இவற்றுள் எதற்கு எத்தனை பங்கு என்பதை அறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே காரணத்தின் தலையில் கட்டி, படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுவது எளிது. கேட்பவர் அந்த வரியைச் சந்தேகித்தால், படத்தில் நிற்கும் மனிதரையும் அல்லவா சந்தேகிப்பார்?

வீண் சந்தேகமன்று இது. பணம் சம்பந்தப்பட்ட விஷயம். 2009-ஆம் ஆண்டு மே 25-இல் ஐலா, 2020-ஆம் ஆண்டு மே 20-இல் அம்பன், மறு வருஷம் யாஸ் என்று புயலுக்குப் பெயரும் தேதியும் உண்டு. நிவாரணத்துக்கும் அதனால் ஒரு கணக்கு உண்டு. ஆனால் ஆண்டுக்குச் சில கஜமாக நிலத்தைத் தின்னும் ஆற்றுக்குப் பெயரிட்ட நாள் எது? கரை அரிப்பு நெடுங்காலம் தேசியப் பேரிடர் கணக்கில் சேரவில்லை. அரிப்பைத் தடுக்கவும், அதனால் வீடிழந்தவர்களை மீண்டும் குடியமர்த்தவும் தனியே நிதி வேண்டுமென்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் பரிந்துரைத்த அறிக்கை 2021-இல்தான் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. மாஸியின் தமையன், நீரடியில் கிடக்கும் நிலத்தின் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இன்றும் வைத்திருக்கிறார். அந்தப் பத்திரத்தோடு சேர்த்துவைக்க, நிலம் இருந்த நாளில் எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. மாஸியின் கல்யாணப் படம் ஐலாவின்போது உப்பு நீரில் ஊறி, முகங்கள் கரைந்து, வெள்ளைத் தாளாகிவிட்டதாம்.

நம் வீட்டு ஆல்பத்தை மறுபடி புரட்டினேன். பன்னிரண்டு வருஷத்துக் கொலுப் படங்கள். ஒன்றில், ஓரத்தில், சுண்டல் பாத்திரத்தோடு போகும் ஒரு கை மட்டும் இருக்கிறது. வளையலைக்கொண்டு அது மாஸியின் கை என்று என் மனைவி அடையாளம் கண்டாள்.

கரையில் எடுத்த படத்தை ராஸ்பிஹாரி அவென்யூ அருகே ஒரு ஸ்டூடியோவில் ஐந்து பிரதி அச்சிட்டோம். பள்ளியில் வங்காளம் படித்த என் மகள், மாஸி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எழுதினாள். ஊர், தந்தையின் பெயர், குளம் இருந்த திக்கு, வீடு போன வருஷம். வருஷம் மாஸிக்கு எண்ணாகத் தெரியவில்லை. இரண்டாவது மகன் தவழ்ந்த வருஷம் என்றார், அதையே எழுதினோம். நான்கு பிரதிகள் உடன்பிறந்தார்க்கு. ஐந்தாவது அந்த இரண்டாவது மகனுக்கு. அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். படம் கிடைத்ததும் தொலைபேசியில் அழைத்து, தாயோடு பேசிய பிறகு என்னோடும் பேசினான், தமிழில். "கெடச்சுது சார். அம்மா கை காட்டற எடத்துலதான் நான் பொறந்தேனாம்" என்றான். நான் கல்கத்தாவிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் பல, மூன்று தலைமுறையாக கங்காசாகர், டயமண்ட் ஹார்பர், பக்காளி என்று போய்வந்தவை. உங்கள் ஆல்பங்களில் ஆற்றங்கரையோ கடற்கரையோ பின்னணியில் விழுந்த படங்கள் இருக்கும். கபில முனி ஆலயத்தின் முன் நின்றெடுத்த படமானால் கடல் எவ்வளவு தொலைவில் தெரிகிறது என்று பாருங்கள். முன்னால் நிற்கும் மாமா, அத்தை யார் என்பதோடு, எந்த இடம், எந்தத் தேதி, எந்தத் திசை நோக்கி எடுத்தது என்பதையும் நினைவுள்ள பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்ஸிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்புறம் ஊறும். சங்க அலுவலகத்தில் கொடுத்தால் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவதாகக் காரியதரிசி ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுக்குத் தெற்கு ரயிலில் வருபவர்களிடமும் அந்தப் படங்களை ஒருமுறை காட்டுங்கள். அவர்கள் விரும்பினால் அவர்களையும் படம் எடுத்து, ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள்.

என் தந்தையாரின் 1979-ஆம் ஆண்டுப் படத்தை இப்பக்கத்தின் தலைப்பில் அச்சிட ஆசிரியர் இசைந்திருக்கிறார். அந்த இரட்டைப் பனையை அடையாளம் காணக்கூடியவர்கள் எழுதுமாறு வேண்டுகிறேன்.